தந்தையைக் கண்டு நாணியவர் ஏழையில் கிறிஸ்துவைக் கண்டார்
(புனித வின்சென்ட் தே பவுல்: ஒரு வாழ்க்கைச் சிந்தனை)



நம் பங்கின் பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ஆலயம் எழுந்த வரலாற்றை நாம் மற்றவர்களுக்கு விட்டுவிட்டோம். கல் சுமந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அந்தக் கதையை அவர்கள் சொல்வதே பொருத்தம். நாம் ஒரு புனிதரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயரைத் தாங்கிய சபை நம் பங்கில் பல ஆண்டுகளாகச் சத்தமின்றி இயங்கி வருகிறது. வாரந்தோறும் சிலர் கூடிச் செபித்து, ஒரு சிறு பையைக் கைமாற்றித் தங்களால் இயன்றதை அதில் இட்டு, யார் வீட்டில் அரிசி இல்லை, யார் மருந்து வாங்க வழியின்றி இருக்கிறார் என்று பேசிக் கலைகிறார்கள். அதுதான் வின்சென்ட் தே பவுல் சபை. அந்த வின்சென்ட் யார் என்று கேட்டால், ஏழைகளுக்கு உதவிய புனிதர் என்ற அளவில் நம்மில் பலரும் நிறுத்திக்கொள்கிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்வையை மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பசித்தவனுக்கு உணவளித்தவர் ஆண்டவருக்கே உணவளித்தவர் ஆகிறார். ஆனால் அங்கே ஒரு செய்தி நம் கண்ணில் படுவதில்லை. தீயோர் மட்டும் அல்ல, நல்லோரும் அங்கே வியந்து நிற்கிறார்கள். ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம் என்று அவர்களும்தான் கேட்கிறார்கள். பிறரில் கிறிஸ்துவைக் காண்பது எவருக்கும் இயல்பாக வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வின்சென்டுக்கும் அது இயல்பாக வரவில்லை. அவர் அதைக் கற்றுக்கொண்டார். அதற்கு அவருக்கு ஏறக்குறைய ஓர் ஆயுள் தேவைப்பட்டது. அந்தக் கதைதான் இது.

பன்றி மேய்த்த சிறுவன்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், தாக்ஸ் நகருக்கு அருகில் உள்ள பூய் என்னும் சிற்றூரில் 1581ஆம் ஆண்டில் வின்சென்ட் பிறந்தார். தந்தை ஜான் தே பவுல் சிறு உழவர். நான்கு ஆண்களும் இரு பெண்களுமாக ஆறு பிள்ளைகள். வின்சென்ட் மூன்றாமவர். சிறு வயதில் ஆடுகளையும் பன்றிகளையும் மேய்த்தார். பையன் அறிவுள்ளவன் என்பதைக் கண்ட தந்தை, அவனைத் தாக்ஸ் நகரில் பிரான்சிஸ்கன் துறவியரிடம் படிக்க வைத்தார். பின்னர் துலூஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக ஓர் இணை உழவு மாடுகளை விற்றுப் பணம் கொடுத்தார். உழவனுக்கு மாடு என்றால் என்ன என்பதை நம் பங்கு மக்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அந்தத் தந்தைக்குக் கால் ஊனம். நடக்கும்போது விந்தி நடப்பார். உடுப்பும் குடியானவர் உடுப்பு. அவரோடு நகரத் தெருவில் நடந்து போகவும், இவர்தாம் என் தந்தை என்று ஒப்புக்கொள்ளவும் சிறுவன் வின்சென்ட் வெட்கப்பட்டான். ஒருநாள் தந்தை மகனைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கே வந்துவிட்டார். யாரோ ஓர் ஏழைக் குடியானவர் உன்னைத் தேடி வந்திருக்கிறார் என்று சொல்லப்பட்டபோது, வின்சென்ட் அவரைப் பார்க்க மறுத்துவிட்டான். மாடு விற்றவர் மகன் முகத்தைக் காணாமல் திரும்பி நடந்தார். 1598இல் அவர் இறந்தும் போனார்.

இதை எழுதிவைத்தவர்கள் வின்சென்டின் பகைவர்கள் அல்லர். முதுமையில் பிரான்சு முழுவதும் போற்றும் மனிதரான பின்பு, அவரே பிறரிடம் இந்தப் பாவத்தைச் சொல்லி வருந்தினார். அதனால்தான் இது நமக்குத் தெரியவந்தது.

இதை நாம் முதலில் படித்தது குருமடத்தில். படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் சிறு குருமடத்தில் இருந்தபோது, பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிறு ஒன்றில், நம் தந்தையார் பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்தார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, பைக்குள் அம்மா சுட்ட முறுக்கு. நண்பர்களின் பெற்றோர் வரவேற்பறையில் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். நாம் நம் தந்தையாரை அங்கே அழைத்துச் செல்லவில்லை. காற்று நன்றாக வரும் என்று சொல்லி, கட்டடத்தின் பின்பக்கமாகக் கூட்டிச் சென்று வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தோம். அவருக்கு அது புரிந்ததா என்று இன்றுவரை நாம் அறியோம். இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. வின்சென்ட் நமக்கு நெருக்கமான புனிதர் ஆனது அந்த வேப்ப மரத்தடியில்தான்.

பதவியை நாடிய குரு

1600ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் வின்சென்ட் குருத்துவ அருட்பொழிவு பெற்றார். அப்போது அவருக்கு வயது 19. திரிதெந்து பொதுச் சங்கம் விதித்திருந்த வயது 24. குருத்துவத்தை அந்நாட்களில் பலரும் பிழைப்புக்கு வழியாகவே எண்ணினார்கள். வின்சென்டும் அதற்கு விலக்கு அல்லர். நல்ல வருமானம் உள்ள ஒரு பதவி கிடைத்தால் ஊரில் தாயின் அருகில் நிம்மதியாக வாழலாம் என்பது அவர் கனவு. 1610இல் தாய்க்கு எழுதிய கடிதத்தில் இந்த எண்ணத்தை அவரே தெரிவித்தார். அதே ஆண்டில் மார்கரெட் அரசியின் அரண்மனையில் தருமம் வழங்கும் குருக்களுள் ஒருவரானார்.

பாரிஸ் நகருக்கு வந்த புதிதில், உடன் தங்கியிருந்த ஒருவர் தம் பணத்தை வின்சென்ட் திருடியதாகக் குற்றம் சாட்டினார். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார். வின்சென்ட் தம்மை நியாயப்படுத்த முயலாமல் பொறுத்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் உண்மைத் திருடன் தானே ஒப்புக்கொண்டான். பிறர் கண்ணில் தாழ்ந்தவனாக நிற்பது என்ன என்பதை அவர் அந்த ஆண்டுகளில் அறிந்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

1612இல் பாரிஸ் அருகில் உள்ள கிளிஷி என்னும் கிராமப் பங்கின் பொறுப்பை ஏற்றார். அங்கே எளிய மக்களிடையே தாம் கண்ட மகிழ்ச்சியைக் கடைசிவரை நினைவுகூர்ந்தார். மறு ஆண்டிலேயே கோந்தி என்ற பெரிய பிரபுக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சென்றார். மீண்டும் மாளிகை வாழ்வு! கடவுள் அவரை அங்கே இருக்க விடவில்லை.

1617: திருப்பம்

அந்த ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சனவரி மாதம், கோந்தி குடும்ப நிலங்களைச் சேர்ந்த கான் என்ற ஊரில் ஒரு குடியானவர் மரணப் படுக்கையில் இருந்தார். ஊரில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர். வின்சென்ட் அவரை முழு வாழ்வுக்கும் சேர்த்து ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தூண்டினார். வெட்கத்தால் பல்லாண்டுகள் மறைத்துவைத்திருந்த பாவங்களை அவர் கண்ணீரோடு அறிக்கையிட்டார். பின்னர் பிரபுவின் மனைவியிடமே அதை வெளிப்படையாகச் சொல்லி, இல்லையேல் தம் ஆன்மா அழிந்திருக்கும் என்றார். சனவரி 25ஆம் நாள், புனித பவுல் மனமாற்றத் திருவிழாவன்று, ஃபோல்வில் ஆலயத்தில் வின்சென்ட் இதைப் பற்றியே மறையுரை ஆற்றினார். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் ஆமியென் நகரிலிருந்து இயேசு சபைக் குருக்களை அழைக்க நேர்ந்தது. கிராமத்து ஏழை ஆன்ம உணவின்றிப் பட்டினி கிடக்கிறான் என்பது அன்று அவருக்கு விளங்கிற்று.

அதே ஆண்டில் மாளிகையை விட்டு வெளியேறி, ஷாத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குத் தந்தையானார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்தார். ஒரு பெண்மணி வந்து, ஊருக்கு வெளியே தனித்திருக்கும் ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் விழுந்துவிட்டதாகவும், ஒருவருக்கு ஒருவர் உதவக்கூட ஆளில்லை என்றும் சொன்னார். வின்சென்ட் மறையுரையில் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். மாலையில் அவர் அங்கே நடந்து போனபோது வழியெல்லாம் பெண்கள் கூட்டம். சிலர் உணவோடு போகிறார்கள், சிலர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள், வெயில் தாங்காமல் சிலர் வழியோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

வேறொரு குரு என்றால் மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பார். வின்சென்ட் யோசித்தார். இன்று அந்த வீட்டில் உணவு மிஞ்சிக் கெட்டுப்போகும். நாளை அதே வீடு பட்டினி கிடக்கும். நெகிழ்ச்சி ஒரு நாளோடு தீர்ந்துவிடும். ஒழுங்கு இருந்தால்தான் அன்பு மறுநாளும் நடக்கும். சில நாட்களுக்குள் ஊர்ப் பெண்களைக் கூட்டி, முறைவைத்து நோயாளிகளைக் கவனிக்க ஒரு சங்கம் அமைத்தார். ஆண்டு இறுதிக்குள் அதற்கு எழுத்தில் ஒழுங்குகளும் திருச்சபை ஒப்புதலும் கிடைத்தன.

அந்த ஒழுங்குகளை நம் பங்கின் ஒவ்வொரு வீட்டிலும் வாசிக்க வேண்டும் என்பது நம் ஆசை. உணவு கொண்டுபோகிறவர் வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. நோயாளியை அன்போடு வாழ்த்த வேண்டும். படுக்கை அருகே துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் வைக்க வேண்டும். நோயாளியின் கையைக் கழுவிவிட்டு, உணவுக்கு முன் செபம் சொல்ல வேண்டும். இறைச்சியை உண்ண ஏற்றபடி எடுத்து வைத்து, இனிமையாகப் பேசி உண்ணச் செய்ய வேண்டும். சொந்த மகனுக்குச் செய்வதைப் போல, இன்னும் சரியாகச் சொன்னால் கடவுளுக்கே செய்வதைப் போலச் செய்ய வேண்டும். முதலில் துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் போக வேண்டும். யாரும் இல்லாதவரிடம் கடைசியாகப் போக வேண்டும். ஏன் தெரியுமா? அப்போதுதான் அவரிடம் அதிக நேரம் இருக்க முடியும்!

தந்தையைப் பார்க்க மறுத்தவரின் கையிலிருந்து வந்த ஒழுங்குகள் இவை.

தெருவே மடமாக

ஆண்டின் இறுதியில் பாரிஸ் திரும்பிய வின்சென்ட் அதற்குப் பின் செய்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1619இல் அரசின் துடுப்புக் கப்பல்களில் சங்கிலியால் கட்டுண்டிருந்த கைதிகளுக்குத் தலைமை ஆன்ம குருவானார். 1625இல் கிராம மக்களுக்கு நற்செய்தி அறிவிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1632 முதல் பாரிசில் உள்ள புனித லாசர் இல்லம் அச்சபையின் தலைமையகம் ஆயிற்று. பெற்றோர் கைவிட்ட குழந்தைகளைக் காக்கும் பணி 1638இல் தொடங்கிற்று. பின்னர் பணம் தீர்ந்து அதைக் கைவிடலாமா என்று சீமாட்டிகள் தயங்கியபோது, அக்குழந்தைகளின் உயிர் உங்கள் தீர்ப்பில் இருக்கிறது என்று அவர் எடுத்துரைத்தார். பணி தொடர்ந்தது. போர்களால் பாழான பகுதிகளுக்கு உணவும் விதையும் அனுப்பினார்.

ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாரிசில் உயர்குலப் பெண்கள் சங்கத்தில் ஆர்வத்தோடு சேர்ந்தார்கள். ஆனால் சேரிக்குள் கஞ்சிப் பானையைச் சுமந்து போக அவர்கள் கூசினார்கள், வேலைக்காரர்களை அனுப்பினார்கள். பணம் வந்தது, ஆள் வரவில்லை. அப்போது சுரேன் என்ற ஊரிலிருந்து மார்கரெட் நாசோ என்ற பெண் வந்து சேர்ந்தார். மாடு மேய்த்தவர். எழுத்து அட்டை ஒன்றை வாங்கி, வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டுத் தாமே படிக்கக் கற்றவர். கற்றதை மற்றப் பெண்களுக்குக் கற்பித்தவர். ஏழை நோயாளிகளுக்கு வேலைக்காரியாக இருக்கத் தம்மையே கொடுத்தார். 1633இல் கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தம் படுக்கையிலேயே இடம் கொடுத்து, அதே நோயில் இறந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், புனித லூயிஸ் தே மரில்லாக் அம்மையார் தம் வீட்டில் சில கிராமப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அதுவே பிறரன்புப் புதல்வியர் சபையின் தொடக்கம். மார்கரெட் நாசோவையே அவர்களுள் முதல்வர் என்று வின்சென்ட் கருதினார். அந்நாளில் கன்னியர் என்றால் மதிலுக்குள் வாழ வேண்டும். இந்தச் சகோதரிகளுக்கு நோயாளிகளின் வீடே மடம், வாடகை அறையே தவ அறை, பங்கு ஆலயமே சிற்றாலயம், நகரத் தெருவே உள்முற்றம் என்று வின்சென்ட் வகுத்தார். செபவேளையில் ஏழை அழைத்தால் எழுந்து போக வேண்டும், அது கடவுளை விட்டுப் போவது அன்று, கடவுளிடமிருந்து கடவுளிடமே போவது என்று அவர்களுக்குக் கற்பித்தார்.

ஏழையை எப்படிப் பார்ப்பது என்றும் அவர் சொல்லிக்கொடுத்தார். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் ஏழைக் குடியானவரிடம் முரட்டுத்தனமும் அறியாமையும்தான் தெரியும். அது பதக்கத்தின் ஒரு பக்கம். அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மறுபக்கத்தில், ஏழையாக வாழத் தேர்ந்துகொண்டு, பாடுகளின்போது மனித உருவையே இழந்து நின்ற இறைமகன் தெரிவார். ஏழை தானாக ஒளிவீசி நிற்பான் என்று வின்சென்ட் சொல்லவில்லை. திருப்பிப் பார்க்கும் உழைப்பு நம்முடையது.

வாசலில் வந்து நின்ற உறவு

கதையின் இதயத்துக்கு இப்போது வருகிறோம். வின்சென்ட் புகழின் உச்சியில் இருந்த காலம். மன்னர் 13ஆம் லூயி 1643இல் இறந்தபோது படுக்கையருகே நின்று ஆயத்தம் செய்தவர் அவர். ஆயர்களைத் தெரிவு செய்வதில் அரசிக்கு ஆலோசனை சொன்னவர் அவர். பிரபுக்களும் ஆயர்களும் புனித லாசர் இல்லத்தின் வாசலில் காத்திருப்பார்கள். அந்த வாசலுக்கு ஒருநாள் சொந்த ஊரிலிருந்து அவருடைய உடன்பிறப்பின் மகன் வந்து நின்றான். அதே குடியானவர் உடுப்பு.

செய்தி கேட்டதும் வின்சென்டின் உள்ளத்தில் பழைய வெட்கம் எழுந்தது. யாருக்கும் தெரியாமல் அவனை நேரே தம் அறைக்கு அழைத்து வரும்படி சொன்னார். எத்தனை ஆண்டுத் தவம்! எத்தனை ஆயிரம் ஏழைகளுக்குச் செய்த தொண்டு! ஆயினும் தாக்ஸ் நகரத்துப் பள்ளிச் சிறுவன் அவருக்குள் இன்னும் சாகவில்லை. முன்பின் அறியாத பிச்சைக்காரரில் கிறிஸ்துவைக் காண்பது அவருக்குப் பழகிவிட்டது. சொந்தக் குடும்பத்து ஏழையில் காண்பது அப்போதும் கடினமாக இருந்தது.

ஆனால் அந்தச் சிறுவன் இம்முறை வெல்லவில்லை. வின்சென்ட் உடனே தம் தவற்றை உணர்ந்தார். தாமே கீழே இறங்கி வாசலுக்குச் சென்று, அந்த இளைஞனைக் கட்டித் தழுவி முத்தமிட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். இல்லத்துக் குருக்களை எல்லாம் வரவழைத்து, தம் குடும்பத்திலேயே மதிப்புக்குரியவர் இவர்தாம் என்று அறிமுகப்படுத்தினார். பார்க்க வந்திருந்த பெரிய மனிதர்களுக்கும் அப்படியே அறிமுகம் செய்தார். அதோடு விட்டாரா? அடுத்து வந்த தியானத்தில் எல்லோர் முன்னிலையிலும், உறவினனை மறைவாக அழைத்துவரச் சொன்ன பாவத்தை அறிக்கையிட்டார்.

பள்ளி வாசலிலிருந்து திரும்பிப்போன தந்தைக்குச் செய்ய வேண்டியதை அவர் அன்று அந்த இளைஞனுக்குச் செய்தார் என்றே நாம் எண்ணுகிறோம். புனிதர் என்பவர் பழைய பலவீனம் அற்றுப்போனவர் அல்லர். அது தலைதூக்கும்போது மாடிப்படி இறங்கி வாசலுக்குப் போகிறவர்.

புனித லாசர் இல்லத்தின் உணவறையில் நாள்தோறும் ஏழைகள் இருவர் அவர் அருகில் அமர்ந்து உண்பது வழக்கமாக இருந்தது. 1660ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அதிகாலையில், நாற்காலியில் அமர்ந்தபடியே வின்சென்ட் இறைவனடி சேர்ந்தார். 1737இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1833இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் தோழர்களும் ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பிறரன்புப் புதல்வியருள் ஒருவரான ரோசலி ரெண்டு அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் வின்சென்டின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். ஓசானாம் 1997இலும் ரோசலி 2003இலும் அருளாளர் பட்டம் பெற்றார்கள். அந்தக் குழுவின் கிளைதான் வாரந்தோறும் நம் ஆலயத்தில் கூடுகிறது.

நம் பொன்விழாவும் நம் வாசலும்

அன்புக்குரிய பங்கு மக்களே! விழாவுக்கான ஏற்பாடுகள் விரைவாக நடக்கின்றன. கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆயர் பெருமகனாரின் திருப்பலி, பின்னர் அசனம். இதற்காக இரவும் பகலும் உழைப்பவர்களை இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆனால் ஒன்றை உரிமையோடு சொல்ல விரும்புகிறோம். நம் விழா விருந்துகளில் முதல் பந்தி விருந்தினர்களுக்கு, அடுத்த பந்திகள் நமக்கு. எல்லாம் முடிந்தபின் ஏழைகளுக்குப் பொட்டலம் கட்டிப் பின்வாசலில் கொடுக்கிறோம். யாரையும் பட்டினி போடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அந்தப் பின்வாசலைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு நம் வேப்ப மரம் நினைவுக்கு வருகிறது.

ஆகவே இந்தப் பொன்விழாவில் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் சந்திக்கும் குடும்பங்கள் முதல் பந்தியில் அமரட்டும். ஆயர் அவர்களும் அவர்களோடு அமர்வார் என்று நம்புகிறோம். இலை போட்டுப் பரிமாறுவது நம் பொறுப்பு. நம்மோடு பரிமாற வருகிறவர்கள் வரலாம். வர இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அன்றே வீட்டுக்கு உணவு செல்ல வேண்டும். கொண்டுபோகிறவர் வைத்துவிட்டு ஓடிவரக் கூடாது. துணை உள்ளவர் வீட்டுக்கு முதலில், துணை அற்றவர் வீட்டுக்குக் கடைசியில், ஷாத்தியோன் பெண்கள் போனதைப் போல.

இளைஞர்களுக்கும் படித்து வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பொன்விழாவுக்கு நகரங்களிலிருந்து பலர் வருவீர்கள். உங்கள் நண்பர்களும் வருவார்கள். அவர்களுக்கு உங்கள் அப்பாவையும் அம்மாவையும் அறிமுகப்படுத்துங்கள். அவர்கள் கையில் காய்ப்பு இருக்கலாம், பேச்சு கொச்சையாக இருக்கலாம். உங்களுக்காக அவர்கள் விற்ற மாடுகளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள். காலம் கடந்தபின் அந்த ஏக்கம் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம்.

எளியோரின் உருவில் நம் வாசலுக்கு வரும் ஆண்டவரே, எங்கள் கண்களைத் திறந்தருளும். நாங்கள் வெட்கப்படும்போது எங்களைப் படியிறங்கச் செய்தருளும். புனித வின்சென்ட் தே பவுலே, எங்கள் பங்குக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.

இறையருளை இறைஞ்சும்,
உங்கள் பங்குத் தந்தை